மணிக்கூண்டு முனை

எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊரில் ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருஷமாக நகராட்சி அலுவலகத்தில் ஆம்புலன்ஸ் போனுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன புத்தி வரும்? வயிற்றுவலி என்று வண்டியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி எதிர்க் கடைக்கு மாவு அரைக்கப் போனவர்களை எல்லாம் பார்த்தவள் நான். யார் நிஜமாக மூச்சு வாங்குகிறார்கள், யார் வாங்குவது மாதிரி பேசுகிறார்கள் என்று போனிலேயே தெரியும். நிஜமான மூச்சுவாங்கல் எனக்குப் பழக்கம். என் வீட்டுக்காரருக்கு அதுதான் வியாதி.

அவர் முப்பது வருஷம் அச்சகத்தில் வேலை பார்த்தவர். காகிதத் தூசியும் மையும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, வாயில் வைத்து மருந்து இழுக்கும் கைப்பம்புக்கு அடங்காமல் போகும். அப்போது பத்து நிமிஷத்துக்குள் ஆக்சிஜன் வைக்கவேண்டும். டாக்டர் இதை எனக்கு ஒரு தடவை சொல்லவில்லை, நாலு தடவை சொல்லியிருக்கிறார். அதனால் ஊருக்கு ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்பது எனக்கு வெறும் உத்தியோக விஷயம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடியில், நகராட்சிக் கொட்டகையில் அது நின்றது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் வெள்ளைக் கூரை தெரியும். அது தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அந்த வண்டியைத்தான் கூட்டு, கூட்டு என்று சொல்லிக் கொண்டுபோனார்கள்.

விஷயம் இதுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஊரை நாங்கள் அக்கரை என்போம். மூன்றாவதாக மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். எங்களிடம் ஒரு வண்டி, அக்கரையிடம் இரண்டு, மலையடிக்காரர்களிடம் ஒன்றுமே இல்லை. மூன்று நகராட்சியும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று வண்டியும் பாலத்தருகே ஒரே இடத்தில் நிற்கும். மூன்று ஊருக்கும் ஒரே போன் நம்பர். அந்தப் போன் ஒலிக்கும் அறை மட்டும், கேட்கவே வேண்டாம், அக்கரையில்.

"அக்கரைக்காரங்களுக்கு நம்ம மேல திடீர்னு என்ன இவ்வளவு அக்கறை?" என்று நான் வீட்டில் கத்தினேன்.

"நீ றகரத்தை அழுத்திச் சொல்ற அழகுக்கே கையெழுத்துப் போடலாம்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே விளையாட்டு. அச்சுக் கோத்தவர் இல்லையா, எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

எங்கள் நகராட்சித் தலைவருக்கும் இந்த ஒப்பந்தம் பிடிக்கவில்லை. அவர் இரும்புக் கதவு செய்யும் பட்டறைக்காரர். எங்கள் வண்டி இன்ஜின் பழுதாகி மூன்று வாரம் படுத்துக்கொண்டபோது ஊரே அவரைக் கரித்துக்கொட்டியது. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். போடும்போதே ஒரு நிபந்தனை வைத்தார். எந்த ஓட்டுநரும் ஒரே ஊருக்கு ஓட்டக்கூடாது, வாரா வாரம் மாற்றவேண்டும் என்று. "ஒரே ஆளை விட்டா அவன் ஊருக்கு மட்டும் பறப்பான், நம்ம ஊருன்னா நொண்டுவான்" என்றார். அன்றைக்கு நான் கைதட்டினேன்.

என்னைக் கூட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு எங்கள் ஊர் சார்பில் அனுப்பினார்கள். "அங்க என்ன நடக்குதுன்னு ஒரு கண்ணு வச்சுக்கம்மா" என்றார் தலைவர். எனக்கு ஒரு கண் போதுமா? இரண்டையும் வைத்தேன்.

அறை என்றால், அக்கரை நூலகத்தின் பின்கட்டு. இரண்டு மேஜை, இரண்டு கணினி, சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம். வரைபடத்தில் அக்கரை நல்ல ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. எங்கள் ஊர் வெளிறிய பச்சை, துவைத்துத் துவைத்துப் போன துணி மாதிரி. அவர்கள் மேஜை நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது, என்னுடையதற்கு இல்லை. டீ வந்தால் முதலில் எந்த மேஜைக்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனித்தேன். ஆறு நாளில் நாலு நாள் அந்தப் பக்கம்தான்.

அந்தப் பக்க மேஜையில் இருந்தவன் அக்கரைக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். அவ்வளவு நிதானம் ஒரு மனுஷனுக்கு ஆகாது. போனை எடுத்தால் ஒவ்வொரு வார்த்தையாக எழுதுவான், எழுதியதைத் திருப்பி வாசிப்பான், அப்புறம் வண்டிக்குச் சொல்வான். முதல் நாளே அவனுக்கு ஆமை என்று பேர் வைத்துவிட்டேன். என் மனசுக்குள்தான். பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன், பிறகு தலைவரிடம், பிறகு ஊருக்கே அது தெரிந்துவிட்டது.

ஆமை என்னை அக்கா என்று கூப்பிட்டான். கேட்காமலே கொடுக்கிற மரியாதைக்குப் பின்னால் ஏதோ இருக்கும் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது வாரமே அது வெளியே வந்தது.

"அக்கா, உங்க ஊர்க்காரங்க தெரு நம்பரே சொல்ல மாட்டேங்கறாங்க. ஐஸ் கம்பெனிங்கறாங்க, பழைய தபாலாபீஸுங்கறாங்க, பெரிய மரத்தடிங்கறாங்க. வரைபடத்துல ஒண்ணுமே இல்ல. நீங்க உட்கார்ந்து சொன்னீங்கன்னா ஒரு பட்டியல் போட்டுடலாம்."

அவன் சொன்னது உண்மைதான். ஏழு வருஷத்துக்கு முன் எங்கள் நகராட்சி எல்லாத் தெருவுக்கும் எண் போட்டு நீலப் பலகை அடித்தது. எங்கள் தெரு, வடக்கு வட்டம் பதினொன்றாம் குறுக்குத் தெரு. இது தபால்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரில் இல்லாததை வைத்துத்தான் வழி சொல்வோம். ஐஸ் கம்பெனி மூடி இருபது வருஷம். பெரிய மரம் புயலில் விழுந்துவிட்டது. பழைய தபாலாபீஸில் கட்டில் மெத்தை விற்கிறார்கள். எங்கள் வீடு இருக்குமிடம் மணிக்கூண்டு முனை. மணிக்கூண்டு விரிசல் விட்டதென்று இடித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு போக்குவரத்து விளக்கு இருக்கிறது, அதுவும் எரிவதில்லை. ஆனாலும் அது மணிக்கூண்டு முனைதான். பிறந்த குழந்தைகூட அப்படித்தான் சொல்லும்.

இதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. இருநூறு இடமாவது இருக்கும். ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நான் யோசித்தேன். இந்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டால் அப்புறம் எனக்கு இந்த அறையில் என்ன வேலை? நாளைக்கே "நன்றி அக்கா, போய்ட்டு வாங்க" என்பான். எங்கள் ஊர் வண்டியை எங்கே அனுப்புவது என்று முழுக்க முழுக்க அக்கரைக்காரன் முடிவு செய்வான். வீட்டுச் சாவியை எடுத்து அடுத்தவன் கையில் கொடுப்பதற்கு நான் என்ன பைத்தியமா?

"எங்க ஊருக்கு அதிகாரபூர்வமான வரைபடம் இருக்கு. அதைத் தரேன்" என்றேன். நீலப் பலகை எண்கள் போட்ட வரைபடத்தில் நகராட்சி முத்திரை குத்தி அவன் மேஜையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சரிக்கா" என்றான். அந்தச் சரியில் ஒரு அலுப்பு இருந்தது. நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

பயிற்சி மாதம் முடிந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி நான். மற்ற நாள் ஆமை. ஞாயிற்றுக்கிழமைக்கு மலையடி ஊரிலிருந்து ஒருவர் வந்து கொட்டாவி விட்டுவிட்டுப் போவார். நான் ஒரு நோட்டுப் போட்டேன். எங்கள் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் வண்டி வந்துசேர எத்தனை நிமிஷம் என்று, கணினியில் இருப்பதைப் பார்த்து எழுதிவைத்தேன். ஒரு மாதத்தில் படம் தெளிவாகிவிட்டது. என் நாளில் ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். ஆமையின் நாளில் பதினைந்து, பத்தொன்பது, ஒருதரம் இருபத்திரண்டு. அதே ஆமையின் நாளில் அக்கரைக்குப் போகும் வண்டி மட்டும் ஆறு நிமிஷத்தில் போகிறது!

"பார்த்தீங்களா? வேணும்னே பண்றான். அவங்க ஊருன்னா ஆறு, நம்ம ஊருன்னா பத்தொன்பது" என்று வீட்டுக்காரரிடம் நோட்டை நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "உன் நாள்ல மட்டும் எப்படி ஏழு வருது?" என்று கேட்டார்.

"ஏன்னா நான் ஒழுங்கா வேலை செய்யறேன்."

"இல்ல, நீ இந்த ஊர்ல பொறந்தவ."

"நீங்க யார் பக்கம்?"

"உன் பக்கம்தான், வேற எங்க போறது?" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, பம்பை எடுத்து இரண்டு தடவை இழுத்தார். நான் பேச்சை அத்தோடு விட்டேன். அவர் சொன்னதை யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் தெருத் தையல்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "உங்க ஆமை நேத்து நம்ம ஊர்ல சுத்திட்டிருந்தான்மா. சைக்கிள்ல வந்தான். கையில ஒரு தாள். வீடு வீடா நின்னு இது எந்த இடம், இதுக்கு என்ன பேருன்னு விசாரிக்கிறான்."

எனக்கு உச்சி சூடாகிவிட்டது. அவனுக்கு விடுமுறை நாளில் எங்கள் ஊரில் என்ன வேலை? அன்றைக்கே தலைவரின் பட்டறைக்குப் போனேன். அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "இன்னிக்கு ஆம்புலன்ஸ், நாளைக்குக் குப்பை வண்டி, அடுத்தது தண்ணி. அப்புறம் ஊரையே சேர்த்துக்குவாங்க. அதுக்கு முன்னாடி அளவு எடுக்க ஆள் அனுப்பியிருக்காங்க" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. அடுத்தவர் வாயால் கேட்டபோது அது நூறு சதவீதம் உறுதியாகிவிட்டது.

"எவனும் அவனுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. கேட்டா எதையாவது சொல்லித் திருப்பி விடுங்க" என்று தையல்காரரிடம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், முடிவெட்டும் கடையில் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். "வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கீங்க. அவன் வந்து கேட்டான்னா கண்ணுல பட்ட திசைக்கு அனுப்பிவிடுங்க." அவர் "உத்தரவு மேடம்" என்று சல்யூட் அடித்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது போதாதா? இரண்டே வாரத்தில் அது ஊர் விளையாட்டு ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் ஐஸ் கம்பெனி எங்கே என்று கேட்டதற்கு அவனைச் செங்கல் சூளைக்கு அனுப்பினார். முடிவெட்டுபவர் பெரிய மரத்தடியை ஆற்றங்கரைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொருத்தரும் வந்து என்னிடம் சொல்லும்போது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "பாவம், நன்றிங்க, நன்றிங்கன்னு எழுதிக்கிட்டுப் போறான்" என்றார் தையல்காரர். அந்தப் பாவம் எனக்குக் காதில் ஏறவில்லை.

மூன்று ஊர்க் கூட்டம் நெருங்கியது. ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் சொல்லவேண்டும். தலைவர் என்னிடம் நிமிஷக் கணக்கைச் சுத்தமாக எழுதித் தரச் சொன்னார். கூட்டத்தில் நானே எழுந்து வாசிக்கவேண்டும் என்றும் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் என் முறை முடிந்த பிறகும் உட்கார்ந்து எழுதினேன். வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். காலையில் நான் அவசரமாகக் கிளம்பும்போது, வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தானாகச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"சாயங்காலம் வா, ஒரு கதை சொல்றேன். சொன்னா நீ எனக்கு மாலை போடுவே."

"மாலையெல்லாம் அப்புறம். பம்பு பையில இருக்கா?" என்று கேட்டேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். நான் போய்விட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆமையின் நாள்.

பத்தே முக்காலுக்குப் பட்டறையில் தலைவருக்கு என் கணக்கை வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார். "அண்ணி, அண்ணனுக்கு மூச்சு வரல. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷமாச்சு, காணோம்!"

தலைவர் ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். அவர் சந்தைக்குள் புகுந்து எப்படி ஓட்டினார் என்று எனக்கு ஞாபகமில்லை. வீட்டு வாசலில் என் வீட்டுக்காரரை நாற்காலியோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் விசிறிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். பேச வாயெடுத்தார், விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தத்தை நான் போனில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

சைரன் கேட்டது. கிட்டே வரவில்லை. ஊரின் மறு கோடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கேட்டது. கொஞ்சம் நகர்ந்தது, திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது. நான் நடுரோட்டில் போய் அந்த எரியாத விளக்குக்குக் கீழே நின்று கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன்.

"எங்கடா வண்டி?"

என் குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா? வண்டி மணிக்கூண்டு முனையிலதான்க்கா நிக்குது. வீடு எதுன்னு தெரியாம டிரைவர் தேடுறாரு. நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் மணிக்கூண்டு முனையிலதான்டா நிக்கிறேன்! என் வீட்டு வாசல்ல நிக்கிறேன்! இங்க ஒரு வண்டியும் இல்ல!"

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, அவனுடைய வழக்கமான நிதானம் போய், கத்தினான்: "தெரு நம்பர் சொல்லுங்கக்கா! நம்பர்!"

"வடக்கு வட்டம், பதினொண்ணாம் குறுக்குத் தெரு, பதினாலு."

சைரன் உடனே திசை மாறியது. சந்தை நெரிசலைத் தாண்டி வர இன்னும் ஒன்பது நிமிஷம் ஆயிற்று. நாத்தனார் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததிலிருந்து முப்பத்தொரு நிமிஷம். அன்றைக்கு ஓட்டியவர் மலையடி ஊர்க்காரர். எங்கள் ஊரில் அவர் வண்டி ஓட்டியது அதுதான் முதல் வாரம். நாத்தனாரிடம் ஆமை தெரு எண் கேட்டிருக்கிறான். அவளுக்கு எண் தெரியாது. மணிக்கூண்டு முனை, மணிக்கூண்டு முனை என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். மூன்றாம் நாள் கண் திறந்தார். பேச்சு வரவில்லை. என் முகத்தையே பார்க்கிறார், ஆனால் நான் யாரென்று தெரிந்து பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் அதிகம் என்றார் டாக்டர். திரும்பி வருவாரா என்று கேட்டேன். "வரலாம்மா. அவசரப்படாதீங்க" என்றார். அவசரப்படவேண்டிய முப்பத்தொரு நிமிஷத்தில் அவர்கள் அவசரப்படவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்கள் என்று நான் நினைத்தது ஆமையை.

எட்டாம் நாள் மூன்று ஊர்க் கூட்டம். நான் வரவில்லை என்றேன். தலைவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். "இதைவிட என்னம்மா ஆதாரம் வேணும்? உன் வாயால நீ சொல்லு. அவனையும் வீட்டுக்கு அனுப்பிடலாம், நம்ம வண்டியையும் கொண்டுவந்துடலாம்" என்றார். வண்டி என்றதும் எழுந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து அந்த வெள்ளைக் கூரை தெரியவேண்டும். அவர் வீட்டுக்கு வந்தால் அது அங்கே நிற்கவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

நூலகத்தின் மாடியில் நீள மேஜை. ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், எதிரில் அக்கரை ஆட்கள், கோடியில் மலையடிக்காரர்கள். அக்கரைத் தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர் அவர். அதட்டலாக ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆமை சுவரோரமாக நின்றான். எட்டு நாளில் பாதியாக இளைத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மணிக்கூண்டு முனைன்னு போன்ல சொன்னாங்க. நீ தண்ணித் தொட்டிக்கு அனுப்பியிருக்கே. ஏன்?" என்று எங்கள் தலைவர் கேட்டார்.

"அந்த ஊர்ல ஜனங்க சொல்ற பேரு எதுவும் எங்க பதிவுல இல்லீங்க. அதனால லீவு நாள்ல நானே போய் விசாரிச்சு எழுத ஆரம்பிச்சேன். அறுபத்தோரு இடம் எழுதினேன்." கையிலிருந்த தாள்களை மேஜையில் வைத்தான். "ஆனா அதுல பல இடம் தப்பா இருக்கு. போன எட்டு நாளா ஒவ்வொண்ணா போய்ப் பார்த்தேன். ஐஸ் கம்பெனின்னு நான் எழுதின இடத்துல செங்கல் சூளை இருக்கு. எனக்குத்தான் கேட்டு எழுதத் தெரியல போல. ராஜினாமா கடிதம் கொண்டுவந்திருக்கேன்."

எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"மணிக்கூண்டு முனை எங்கன்னு யாரைக் கேட்டே?" என்றார் அக்கரைத் தலைவி.

"முந்தின நாள் சாயங்காலம்தான் கேட்டேன்மா. ஒரு பெரியவர். எரியாத சிக்னல் ஒண்ணு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்து வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணித் தொட்டிமேல பெரிய கடிகாரம் வச்சிருக்காங்க பாரு, அதான் மணிக்கூண்டு, அந்த முனைதான்னு சொன்னார். சரியாத்தானே இருக்குன்னு நானும் எழுதிக்கிட்டேன். அவருக்குப் பேசப் பேச மூச்சு வாங்குச்சு. சட்டைப் பையில பம்பு வச்சிருந்தார். ஆனாலும் எழுந்து ரோடு வரைக்கும் வந்து கையை நீட்டித் திசை காட்டினார். உள்ள போய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். வெயில்ல ரொம்ப அலையாதேப்பான்னார். நல்ல மனுஷன். அவர் எதுக்குமா தப்பா சொல்லப்போறார்? நான்தான் ஏதோ குழப்பிக்கிட்டேன்."

சாயங்காலம் வா, ஒரு கதை சொல்றேன் என்று சிரித்த அந்த முகம் வந்து எதிரில் நின்றது. மாலை போடச் சொன்னாரே. எனக்காகச் செய்ததைத்தான் சொல்ல இருந்தார். நான் சொன்னேன் என்பதற்காக, மூச்சு வாங்க எழுந்து ரோடு வரைக்கும் போய், தன்னைக் காப்பாற்ற வரவேண்டிய வண்டியைத் தன் கையாலேயே ஊரின் மறு கோடிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"கதை விடறான்! அப்படி ஒரு ஆளே கிடையாது" என்று எங்கள் தலைவர் மேஜையைத் தட்டினார். "எங்கம்மா உன் கணக்கு? எழுந்திரு, வாசி."

எழுந்தேன். கையில் நோட்டு இருந்தது. வாசித்தால் வண்டி எங்கள் ஊருக்கு வரும். அவன் ராஜினாமாவை வாங்கிக்கொள்வார்கள். ஊரில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறக்கக் கூடியவர் ஒருவர்தான், அவருக்குப் பேச்சு வரவில்லை.

"அந்த ஆள் இருக்கார்" என்றேன். "அவர் என் வீட்டுக்காரர்."

ஆமை சுவரை விட்டு நிமிர்ந்தான். அவன் நோயாளியைப் பார்க்கவே இல்லை, அவனுக்கு எப்படித் தெரியும்?

"அவர் வேணும்னுதான் தப்பா சொன்னார். அப்படிச் சொல்லச் சொன்னது நான். ஊர்ல எல்லாருக்கும் சொல்லிவச்சது நான். இவன் எழுதினது எதுவும் தப்பில்ல. கேட்டதைத்தான் எழுதியிருக்கான். முதல் மாசமே இவன் எங்கிட்ட கேட்டான். எனக்கு எல்லாம் தெரியும், ஒண்ணுவிடாம தெரியும், நான் தரல."

"உட்காரும்மா, உனக்கு மனசு சரியில்ல" என்று தலைவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. நோட்டை அவர் முன்னால் போட்டேன். அதில் பத்தொன்பது என்றும் இருபத்திரண்டு என்றும் நான் சிவப்பு மையில் எழுதியதெல்லாம் யாரோ வீட்டு வாசலில் நின்று காத்திருந்த நிமிஷங்கள். அவர்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை.

அக்கரைத் தலைவி ராஜினாமாக் கடிதத்தை எடுத்து, வாசிக்காமலே அவனிடம் திருப்பி நீட்டினார். அவன் அதை வாங்கி மறுபக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தான். பேனாவைத் திறந்துகொண்டு, கோபமில்லாமல், வேலை நேரத்தில் கேட்கிற அதே நிதானத்தோடு கேட்டான்:

"அப்ப மணிக்கூண்டு முனை எங்கதான்க்கா இருக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன். அவன் எழுதி, எழுதியதை எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினான்.